மூன்றாவது கீபோர்டு

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது படித்துவிடு. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குக் குரல் கிடையாது, கொஞ்சம் தாக்குப்பிடிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால், "குருவி வேலையா இருப்பா, அவளைப் போய்த் தொந்தரவு பண்ணாதே" என்பார். நீ செய்வது வேலை, நான் செய்வது தொந்தரவு. இந்த வீட்டில் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். நீ விட்டுப்போன வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு சாகக் கிடக்கிறது. நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் அமுங்குகின்றன, எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. திரையில் எழுத்துகளை நான் குனிந்து, கையால் விளக்கை மறைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு ரிசப்ஷனில் பாட்டு நடுவே தானாக அணைந்து தானாக எழுந்தது. நீ செய்து வைத்த சத்தங்களை எல்லாம் அது மறுபடி உள்ளே ஏற்றிக்கொள்ளும்வரை உன் அண்ணன் பாட்டை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஜோக் சொன்னார். எல்லாம் பழைய ஜோக். ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்த வேகத்திலேயே மூடினார். "இதுக்கு ஸ்பேர் வர்றது நின்னு போச்சும்மா. புதுசு பாருங்க" என்றார்.

பார்த்தேன். கடையில் மூன்று இருக்கின்றன. ஒன்று எருமை மாதிரி. முழு நீளக் கட்டைகள், பியானோ போலவே விரலை எதிர்த்துத் தள்ளுகின்றன. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்னொன்று இறகு மாதிரி. ஒரு பட்டனைத் தட்டினால் கூட்டமாக வயலின், இன்னொன்றைத் தட்டினால் கோரஸ், ரிதமும் கூடவே ஓடிவருகிறது. எனக்கு அதன் மேல்தான் கண். மூன்றாவது கடைக்கோடியில் இருந்தது. கறுப்பு, சிரிக்காத முகம். நம் பழைய பெட்டியைச் செய்த கம்பெனியே செய்ததாம். நிறைய மெமரி, பல டிராக்கில் பாட்டை உள்ளேயே பதிவு செய்யலாம் என்று கடைக்காரர் என்னென்னவோ சொன்னார். பாதி புரிந்தது. விலையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எதை வாங்கட்டும்? நம் இசைக்குழுவில் இதெல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உன் இடத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்கிறேன். "அண்ணி நல்லாத்தான் வாசிக்கிறாங்க, ஆனா..." அந்த 'ஆனா'தான் எனக்கு வாய்த்த சக்களத்தி. புதுப் பெட்டி வந்தாலாவது ஒழிகிறாளா பார்ப்போம்.

உன் அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன்.

இடம் உங்களுடையதாகிவிட்ட பிறகு கேள்வி மட்டும் என்னிடம் வருகிறது. இருக்கட்டும். கேட்டதால் சொல்கிறேன்.

இரண்டாவதை வாங்குங்கள். முதலாவதைத் தூக்கித் தூக்கி டிரம்ஸ்காரருக்கு இடுப்பு போய்விடும். மூன்றாவது ஸ்டுடியோவில் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கானது. எழுந்திருக்கவே நேரம் எடுக்கும். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. மேடையில் அதோடு மல்லுக்கட்ட உங்களுக்குப் பொறுமை இருக்காது. இரண்டாவதில் எல்லாம் சமைத்துத் தட்டில் வைத்திருக்கும். உங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

பழைய பெட்டியை விற்க வேண்டாம், ரிப்பேருக்கும் கொடுக்க வேண்டாம். கூடவே என் சத்தங்கள் இருக்கும் மெமரி கார்டையும் வைத்து எனக்கு லாரியில் அனுப்பிவிடுங்கள். அதில் இருப்பது எதுவும் இனி உங்களுக்குப் பயன்படாது.

நான் கேட்டதாக அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
குருவி


ஏப்ரல் 9

நாத்தனாருக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

நீ சொன்னதையே வாங்கினேன். கடையில் தனியாக வாசித்தபோது ஒரு ஆர்கெஸ்ட்ராவே அதற்குள் குடியிருப்பது போல இருந்தது. நேற்று ஒரு கம்பெனி ஆண்டுவிழா. பெரிய அரங்கம், முன்வரிசையில் முதலாளியின் குடும்பம். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த அடுத்த நொடி என் ஆர்கெஸ்ட்ரா காணாமல் போய்விட்டது. நான் அழுத்துகிறேன், விரல் நோக அழுத்துகிறேன், ஏதோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஒரு முனகல். தனியாக இருக்கும்போது பளபளப்பு, நாலு பேரோடு சேர்ந்தால் கூழ்.

அது போகட்டும். முதல் பாட்டு ஆரம்பிப்பதே உன்னுடைய அந்தச் சத்தத்தில்தான். குழுவில் எல்லோரும் 'மூச்சு' என்பார்களே, அதுதான். புதுப் பெட்டியில் அது கிடையாது. கோரஸில் ஏதோ ஒன்றைப் போட்டேன். உன் அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"மூச்சு எங்க?"

"இதுல வரலைங்க."

"வரலைன்னா? பாட்டே அதுதானே!"

கூட்டத்துக்கு முன்னால். டிரம்ஸ்காரர் குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. பாட்டு தடுமாறிக் கிளம்பியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

இன்று காலை கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்களா செஞ்ச சவுண்டை இதுல ஏத்த முடியாதும்மா. கம்பெனி குடுக்கிற சவுண்டு பேக்கை மட்டுந்தான் ஏத்துக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கோடியில இருக்கிறது. பழைய கார்டை அப்படியே சொருகினா படிச்சுக்கும். ஆமா, இதை வாங்கச் சொல்லி யாரு சொன்னது?"

"என் நாத்தனார்" என்றேன்.

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் எங்கள் குடும்பமே இருந்தது.

ஸ்டுடியோவில் மற்றவர்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பதுதான் உன் பிழைப்பு. உனக்கா தெரியாது? டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தால் போதும், "இரு இரு, இது குருவி போட்ட சவுண்டு" என்று உன் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிடுவார். நான் வாசித்த எதற்கும் அந்தக் கை நின்றதில்லை. அந்த மரியாதையை எல்லாம் வைத்துக்கொண்டு என்னை எதற்கு மேடையில் அசிங்கப்பட வைத்தாய்?

பழைய பெட்டியை அனுப்ப மாட்டேன். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம் சொல், பிறகு பார்க்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

ஆமாம். தெரிந்துதான் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன். மறைக்கப் போவதில்லை. ஸ்டுடியோவில் எனக்குக் கொடுத்திருக்கும் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, அந்த அம்மாள் போனை நோண்டிய இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். அப்புறம் அண்ணன் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிய வரிக்கு வந்தேன். அந்த நேரம் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் சந்தோஷம் ஓடவில்லை.

காரணம் கேட்டீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்தீர்களே, கல்யாணமான புதிதில். மறுநாள் டிரம்ஸ்காரர் வந்து, நல்ல விஷயம் சொல்கிற மாதிரி சொன்னார்: "உங்கண்ணன் நேத்து என்ன சொன்னார் தெரியுமா? 'இன்னிக்குத்தான் பாட்டு தரையில கால் வெச்சு நடந்துச்சு'ன்னார்." அப்படியானால் அதற்கு முன்னால் நான் வாசித்ததெல்லாம் என்ன? நொண்டிக்கொண்டா இருந்தது? அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டி படுக்கையோடு இங்கே வந்துவிட்டேன். பிஸ்கட்டுக்கும் டயருக்கும் சத்தம் செய்கிறேன். என் பெயர் எங்கேயும் வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 'மூச்சு' என்னவென்று உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது எந்தக் கம்பெனியும் கொடுத்தது இல்லை. அது அண்ணன்.

எங்கள் பழைய வீட்டு மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. கழுவுவதற்காகத் தண்ணீரை இறைத்துவிட்ட ஒரு மதியம், அவனை உள்ளே இறக்கி உட்கார வைத்து, மைக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ஸ்வரமாக நான் மேலிருந்து வாசிக்க, அவன் உள்ளிருந்து வாயை மூடிக்கொண்டு இழுத்துப் பாடினான். "பாசி நாத்தம் தாங்கலடி குருவி, சீக்கிரம்!" என்று நடுநடுவே கத்தல் வேறு. அவன் தொடங்கும் இடத்தை வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் நீளத்தை மட்டும் எடுத்து, மெதுவாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். கேட்பவர்களுக்கு மனிதக் குரல் என்றே தோன்றாது. நீங்கள் கட்டையை அழுத்தும் போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர்தான் பாடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதை வாங்கினால் அது உங்கள் கைக்கு நிரந்தரமாக வந்துவிடும் என்று தெரியும். அவனையும் எடுத்துக்கொண்டீர்கள், என் இடத்தையும் எடுத்துக்கொண்டீர்கள், இதையும் நானே வழி சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

குருவி


மே 2

குருவிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். எனக்கே தெரியாமல் என் வீட்டுக்காரரை விரலால் அமுக்கிக் கொண்டிருந்திருக்கிறேன்! பிறகு எரிச்சல் வந்தது. அவரிடம் போய், "தொட்டிக்குள்ள உட்கார்ந்து பாடினீங்களாமே?" என்றேன். திடுக்கிட்டு, "அவ சொல்லிட்டாளா?" என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பையனை எனக்குத் தெரியவே தெரியாது. நீ அவரை 'அவன்' என்று எழுதுகிறாயே, அதிலேயே எனக்கு வயிறு எரிகிறது. நான் ஜென்மம் முழுக்க 'அவர்' என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்து மூன்றாவதை எடுத்து வந்துவிட்டேன். கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இப்போது சொல்லப் போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. சில மாதங்களாகவே எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கித்தான் வாசிக்கிறோம். வெயில், ஐஸ் தண்ணீர், தூக்கமில்லை என்று தினம் ஒரு சாக்கு சொன்னார். கடைசியில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குரல்நாணில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார், அதனால் நீ அங்கே உட்கார்ந்து எதையும் கற்பனை செய்யாதே. ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது. அப்புறம் வரும் குரல் பழைய குரலாக இருக்காது என்றும் சொல்லிவிட்டார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து, "குருவிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். 'நீ கவலைப்படாதே' என்று என்னிடம் ஒரு வார்த்தை? கிடையாது.

உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் சொன்னபோது வராத அழுகை, உன் கடிதம் வந்த பிறகு வந்தது. அவர் குரல் நல்லபடியாக இருந்த காலம் முழுவதும் உன்னிடம் இருக்கிறது. ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து, அடுக்கி, பத்திரமாக வைத்திருக்கிறாய். எனக்கு வந்தது மிச்சம்.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வராவிட்டால் நிறையச் சொல்வேன்.

அண்ணி


மே 28

அண்ணி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. நீங்கள் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை, முழுவதும் நானே தின்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் போட்ட சண்டையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதற்கு இரண்டு பேர். அந்த நர்ஸ் வந்து, "உங்கள்ல யாரும்மா சம்சாரம்?" என்று கேட்டபோது நானும் சேர்ந்து வாயைத் திறந்தேன், பார்த்தீர்களா? நல்லவேளை, சத்தம் வரவில்லை. அண்ணன் சிலேட்டில் எழுதிக் காட்டினானே, 'ரெண்டு பேரும் வெளியே போங்க, நாற்காலி மட்டும் இருக்கட்டும்' என்று. அதற்குத்தான் நாம் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தோம்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மதியம் அவன் தூங்கிய பிறகு புதுப் பெட்டியில் பழைய கார்டைச் சொருகி ஒவ்வொன்றாக ஏற்றினோம். சத்தத்தை அடுக்கும் விதத்தை ஒரு தடவைதான் காட்டினேன், பிடித்துக்கொண்டீர்கள். உங்களுக்குப் பொறுமை இருக்காது என்று நான் எழுதியது வாபஸ்.

இன்னொன்று. 'மூச்சு' சரியாக வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று நீங்கள் சும்மா கொஞ்சம் வாசித்தீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் இடது கை அவசரப்படுவதே இல்லை. ஒரு ஸ்வரம் அடங்கி முடியும்வரை அடுத்ததைத் தொடாமல் காத்திருக்கிறது. நான் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை. செய்தது நான்தானே என்று எல்லாவற்றையும் வாரி இறைத்துவிடுவேன். உங்கள் வாசிப்பைப் பற்றி அண்ணன் அன்றைக்குச் சொன்னது சரிதான். பொய் சொல்லியிருந்தான் என்றால் இத்தனை வருஷம் வலித்திருக்காது. இதை எழுதுவதற்குள் பேனாவைக் கீழே வைத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு உதவி. அவன் பேசலாம் என்று டாக்டர் சொல்லும் நாளில், முதல் வார்த்தையைப் பதிவு செய்து எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எப்படிச் செய்வது என்று உங்களுக்கே தெரியும். அவன் குரலில் என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

குருவி


ஜூன் 17

அன்புள்ள குருவிக்கு,

பேசிவிட்டார்.

டாக்டர் அனுமதி கொடுத்தும் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று சைகை காட்டினார். பயம்தான், வேறென்ன. நான் மைக்கை ஜன்னலோரம் துணிகளுக்குப் பின்னால் வைத்து, பெட்டியைப் பதிவில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல எதிரே உட்கார்ந்து துணி மடித்தேன். குழுவில் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். வர வேண்டாம் என்றுவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ தெரியாது. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன்.

அப்புறம் பேசினார். பிறகு அவரே பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் அழவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். 'ஆனா' போடவில்லை.

குரல் நன்றாக இறங்கிவிட்டது. பழைய பாட்டுகளில் பாதி இனி எட்டாது. கீழே பாடுகிற மாதிரி புதிதாகச் சிலது எடுத்து, மூன்றாவது பெட்டியில் டிராக் டிராக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மெனுவுக்குள் மெனு இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓரிடத்தில் மட்டும் பேஸும் என் இடது கையும் முட்டிக்கொள்கின்றன, உன்னிடம் கேட்க வேண்டும். பழைய பெட்டியை நேற்று லாரியில் ஏற்றிவிட்டேன். கார்டு உள்ளேயே இருக்கிறது.

நீ கேட்ட பதிவை அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள். யாரும் இல்லாத நேரத்தில் அதை மட்டும் ஒரு கட்டையில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். அதை உன் அண்ணனுக்கே இன்னும் காட்டவில்லை. வேண்டுமானால் என்ன சொன்னார் என்று சொல்கிறேன். "ஃபேனைப் போடேன்" என்றார். அவ்வளவுதான். எப்படிச் சொன்னார் என்பது எனக்கு.

உன் அண்ணி


ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி வந்துவிட்டது. ஒரு கீறல்கூட இல்லை. எத்தனை போர்வை சுற்றியிருக்கிறீர்கள்!

அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். பேஸ் முட்டுகிற இடத்தை நேரில் பார்த்துச் சரிசெய்யலாம். அதுவரை அதில் கை வைக்காதீர்கள்.

பதிவை அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்திருந்தால், என்ன சொன்னான் என்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

குருவி